மூன்று பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடு: 1098-ஐ அழைப்பதா, வேண்டாமா?

வாசகர் கேள்வி, 2025 ஏப்ரல் 20

ராமேசுவரம் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊருக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கு வருவதில்லை. அப்பா விசைப்படகில் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே சிறையில் இருக்கிறார். அம்மா விடியும் முன்பே கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போய்விடுகிறார். ஐந்து வயதுத் தங்கையையும் இரண்டு வயதுத் தம்பியையும் இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். விறகடுப்பில் சோறும் வடிக்கிறாள். இது அப்பட்டமான புறக்கணிப்பு என்பது என் கருத்து. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்து மூன்று பேரையும் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் நிம்மதி. தாமதித்து, நாளை ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

ஏப்ரல் 21

காப்பகம் என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் எடுக்காதீர்கள். பதினான்கு ஆண்டுகள் இந்தக் கடற்கரையில் குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளராக அலைந்தவள் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் வீட்டைப் போலவே ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்திருக்கிறேன். நீங்கள் செய்ய நினைப்பதைச் செய்தும் இருக்கிறேன். (பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். ஊரையும் வயதையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஓலைக் குடிசை. காலை ஒன்பது மணி. பத்து வயதுப் பெண் உலை வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிகள் இருவரும் மண் தரையில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் பழைய வலை தொங்கியது. அம்மா தீவுக்குப் போயிருந்தார். நான் அங்கே அரை மணி நேரம் இருந்தேன். சமூக விசாரணை அறிக்கையில் "பாதுகாப்பற்ற வீடு, பெரியவர்களின் கண்காணிப்பு இல்லை" என்று எழுதி இல்லத்துக்குப் பரிந்துரைத்தேன். பரிந்துரை ஏற்கப்பட்டது. அக்காவுக்கு ஓர் ஊரில் பெண் பிள்ளைகள் இல்லம், தம்பிகளுக்கு வேறோர் ஊரில் ஆண் பிள்ளைகள் இல்லம். ஐந்து மாதம் கழித்து மூவரும் வீடு திரும்பிய அன்று நானும் உடன் போனேன். சின்னவனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் அழவில்லை. நாங்கள் வந்த ஜீப் திரும்பிப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பத்தா ஒருவர் நாள் முழுதும் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்ப்பாராம். முதல் நாளே அவர் என்னிடம் "யாரைத் தேடுகிறாய் தாயி?" என்று கேட்டிருந்தார். அவசரத்தில் பதில் சொல்லாமல் கடந்து போயிருந்தேன்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மூன்றாம் பிரிவில் அடிப்படைக் கொள்கைகளை வைத்திருக்கிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பவை அவற்றில் இரண்டு. பயிற்சி வகுப்பில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். குடிசைக்குள் நுழைந்ததும் மறந்துபோனேன்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பும் நேரம் வரை, ஒவ்வொரு மணிக்கும், பிள்ளையின் அழுகை கேட்கும் தூரத்தில் இருக்கும் பெரியவர் யார்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஏப்ரல் 22

நேற்று எழுதியதில் ஒரு குறை. படித்தவர்கள் "அழைக்க வேண்டாம் என்கிறார்" என்று புரிந்துகொள்ளக்கூடும்.

1098-ஐ அழைத்த உடனே பிள்ளையைத் தூக்கிப்போக வண்டி வந்து நிற்பதில்லை. யாராவது வந்து பார்ப்பார்கள், கேட்பார்கள். பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு விசாரணைக்கு உத்தரவிட்டால் அறிக்கைக்குப் பதினைந்து நாள் அவகாசம். பெற்றோரிடமே திருப்பி அனுப்பி, மேற்பார்வையில் வைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அழைப்பது வேறு, பிரிப்பது வேறு.

பாலியல் தீங்கு பற்றிய சந்தேகம் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு யாரையும் விடவில்லை. ஆசிரியரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சந்தேகம் போதும். ஆதாரம் தேடிக்கொண்டு இருப்பது உங்கள் வேலை அல்ல.

ஏப்ரல் 29

ஓட்டு வீடு என்றால் பாதுகாப்பு, ஓலை வீடு என்றால் ஆபத்து என்ற பேச்சு வாசகர்களிடையே வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல நாள் எழுதத் தயங்கிய விஷயம்.

வேறோர் ஊர், காங்கிரீட் வீடு. தரையில் டைல்ஸ், குளிர்சாதனப் பெட்டி, மேசைமேல் அடுக்கி வைத்த நோட்டுகள். அப்பா வளைகுடாவில். அம்மா, பன்னிரண்டு வயது மகள், உடன் தங்கியிருந்த உறவினர் ஒருவர். பிள்ளை திடீரென்று படிப்பில் பின்தங்கிவிட்டாள், வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. போனேன். தேநீர் கொடுத்தார்கள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்த உறவினரே பதில் சொன்னார். பிள்ளை சுவரோரம் கைகட்டி நின்றாள். "மரியாதையான பிள்ளை, வசதியான சூழல், கவலைக்கு இடமில்லை" என்று எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து அவள் தானாகவே ஒரு தோழியின் அம்மாவிடம் சொன்னாள். வழக்குப் பதிவானது. அந்த எட்டு மாதத்தில் நடந்தவற்றில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். என் மேலதிகாரி அப்படி நினைக்கவில்லை. படிவம் முழுமையாக நிரப்பப்பட்டிருக்கிறது என்றார்.

அந்த அறிக்கையைப் பிறகு எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம். அதில் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை.

விக்டோரியா கிளிம்பி என்ற சிறுமியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, பாட்டி முறை உறவுப் பெண் ஒருத்தியின் பொறுப்பில் லண்டனில் இருந்தவள். 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், சித்திரவதையால் இறந்தாள். மருத்துவமனை, சமூக நலத்துறை, காவல்துறை எல்லாம் அவளைப் பார்த்திருந்தன. லார்ட் லேமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003இல் வெளிவந்தது. அந்தப் பெண்ணின் முன் சிறுமி விறைப்பாக நின்றதை, அவர்கள் வழக்கப்படி பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று சமூகப் பணியாளர் எடுத்துக்கொண்டதாக அதில் வருகிறது. அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். சுவரோரம் கைகட்டி நின்ற பிள்ளை கண்முன் வந்துவிட்டாள்.

மே 4

"ஆளுக்கு ஆள் மனம்போன போக்கில் முடிவெடுப்பதைவிட, மதிப்பெண் போட்டுவிட்டால் என்ன? இத்தனைக்கு மேல் என்றால் பிரிப்பது, கீழே என்றால் விடுவது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், இரண்டு முறை தவறிய என்னிடம் கேட்பது இன்னும் நியாயம்.

வெளிநாடுகளில் செய்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலெகெனி மாவட்டத்தில் 2016 முதல், புகார் அழைப்பு வந்ததும் அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளைக் கொண்டு கணினி 1 முதல் 20 வரை ஓர் எண் தருகிறது; எண் கூடினால் ஆபத்து கூடுதல் என்று பொருள். அந்த எண்ணையும் பார்த்துவிட்டு, நேரில் போய் விசாரிப்பதா என்பதைப் பணியாளர் முடிவு செய்கிறார். அதன் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: அரசு உதவி வாங்கும் ஏழைக் குடும்பங்கள்தான் பதிவேட்டில் நிறைந்திருக்கின்றன, காசு கொடுத்துத் தனியாரிடம் சிகிச்சை பெறுபவர்கள் அதில் ஏறுவதே இல்லை. நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். என் ஓலைக் குடிசை பதினெட்டு வாங்கியிருக்கும், டைல்ஸ் வீடு இரண்டு.

இன்னொரு கணக்கு. இது வெறும் பள்ளிக்கூடக் கணக்குதான். ஆயிரம் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வீடுகளில் பிள்ளைக்கு உண்மையான ஆபத்து. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் கருவி நம் கையில் இருக்கிறது. அது அந்த இருபதில் பதினெட்டைப் பிடித்துவிடும். மீதி 980 நல்ல வீடுகளில் 98 வீடுகளையும் தவறாகக் குறித்துவிடும். குறிக்கப்பட்ட வீடுகள் மொத்தம் 116, உண்மையான ஆபத்து பதினெட்டில் மட்டும். அந்தக் குறியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பிரித்தால், ஆறு வீட்டில் ஐந்து வீட்டை வீணாக உடைத்திருப்போம். இரண்டு வீடுகள் தப்பியும்விடும். தொண்ணூறு சதவீதம் என்றால் காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அதற்காகப் படிவமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதைக் கேட்க மறந்தோம் என்று நினைவூட்ட அது வேண்டும்.

மே 5

நேற்றையதைத் தொடர்ந்து, சிறிது. "இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா?" என்பது ஒரு கேள்வி. "இனி வரும் மாதங்களில் தீங்கு வரும் வாய்ப்பு எவ்வளவு?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு இன்று இரவே பதில் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு அவசரம் கூடாது. பலமுறை போய்ப் பார்க்க வேண்டும். நான் குடிசையில் இரண்டாவது கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் எழுதினேன். டைல்ஸ் வீட்டில் முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மே 11

கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். இங்கே ஆபத்துக்குப் பருவம் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? படகு முதலாளியிடம் முன்பணம், கடையில் கடன், பகல் முழுதும் வீட்டில் வேலையில்லாமல் அப்பா, சாயங்காலம் டாஸ்மாக். அடி விழும் வீடுகளில் அடி கூடுவது இந்த நாட்களில்தான்; என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால் மே மாதப் பக்கங்கள் தடித்திருக்கின்றன.

இதே நாட்களில்தான் பள்ளிக்குக் கோடை விடுமுறை. முழங்கையில் தழும்பு, நடையில் தயக்கம், காலை உணவுத் திட்டத்தில் இரண்டாம் முறை தட்டை நீட்டும் பிள்ளை என்று ஆண்டு முழுதும் எதையாவது கவனிக்கிற ஆசிரியர்களின் கண் மிகவும் தேவைப்படும் நேரத்தில் இல்லாமல் போகிறது. எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லிப் பார்த்தேன். மே மாதத்தில் ஒருமுறையாவது வீடு வீடாகப் போகலாம் என்று கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களிடமும் கேட்டேன். ஓர் ஊரில் மட்டும் செய்தார்கள்.

மீனவ அப்பாக்களைப் பழிப்பதாக எண்ண வேண்டாம். என் அப்பாவும் வள்ளத்தில் போனவர். கடலுக்குப் போகாத நாட்களில்தான் எங்களுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார்.

மே 19

ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்கு நேரில் போனாராம். அம்மா வீட்டில்தான் இருந்தாராம். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததாம். பெரியவள் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாளாம். "நான் தப்பாக நினைத்துவிட்டேன், எந்தப் பிரச்சினையும் இல்லை. இதை இத்துடன் விட்டுவிடலாம்" என்கிறார்.

விட வேண்டாம்! நீங்கள் போன நேரம் சரியில்லை. தடைக்காலத்தை ஒட்டிச் சில வாரங்கள், பாசி வளரட்டும் என்று பெண்கள் தாங்களாகவே எடுப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். இப்போது போனால் எல்லா அம்மாக்களும் வீட்டில்தான் இருப்பார்கள். நான் ஒரே ஒரு காலையைப் பார்த்துவிட்டு "கெட்ட வீடு" என்று எழுதினேன். நீங்கள் ஒரே ஒரு மதியத்தைப் பார்த்துவிட்டு "நல்ல வீடு" என்கிறீர்கள்.

மே 20

இரவெல்லாம் இதே யோசனை. ஏப்ரலில் எழுதியதை மறுபடி படித்தேன். வலை பின்னும் அப்பத்தாவைப் பற்றி எழுதியபோது, அவர் இருந்ததால் அந்த வீட்டில் ஆபத்தே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். அது சரியில்லை.

அவருக்குக் கண்ணில் புரை. வேலியைச் சுற்றி வர ஐந்து நிமிடம் ஆகும். காற்று வீசும் நாளில் ஓலைக் கூரைக்கு அடியில் விறகடுப்பு எரிந்தால், ஐந்து நிமிடத்தில் அவரால் என்ன செய்ய முடியும்? என் குற்ற உணர்ச்சியைத் தணித்துக்கொள்ள அவரை நான் பெரிய காவல் ஆக்கிவிட்டேன். ஆபத்து இருந்தது. அதற்கு மருந்து இல்லம் அல்ல என்பது மட்டும்தான் உண்மை. அடுப்பை வெளியே மாற்றி, மேலே நான்கு தகரம் போட்டிருந்தால் போதும். அந்தத் தகரத்துக்கு எங்கள் அலுவலகத்தில் செலவுத் தலைப்பு இல்லை; மூன்று பிள்ளைகளை இரண்டு இல்லங்களில் ஐந்து மாதம் வைத்திருக்க இருந்தது.

இங்கிலாந்தில் குழந்தைகள் பாதுகாப்பு முறையை ஆராய்ந்து 2011இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தவர் எய்லீன் மன்றோ. முதலில் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளப் பணியாளர்கள் காட்டும் தயக்கத்தை அவர் தம் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். என் விஷயத்தில் அது தயக்கம்கூட இல்லை. மாற்ற வேண்டியிருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை.

ஜூன் 3

நேற்றுப் பள்ளி திறந்துவிட்டது. சிறுமி வந்திருக்கிறாளாம். அமாவாசை 25ஆம் தேதி. நீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் பெண்கள் பாசிக்குப் போவார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போல வரும். உங்கள் வருகைப் பதிவேட்டில் அவள் வராத நாட்களையும் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 4

பார்த்தாராம். அப்படியே பொருந்துகிறதாம். இரண்டு ஆண்டுப் பதிவேட்டில் இருந்ததை இத்தனை நாள் "சோம்பல்" என்று நினைத்திருந்ததாக வருந்தி எழுதியிருக்கிறார். வருந்த நேரமில்லை, 25ஆம் தேதி விடிகாலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் இருங்கள். தனியாகப் போகாமல் அங்கன்வாடிப் பணியாளரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 26

ஆசிரியர் எழுதியதை என் சொற்களில் தருகிறேன்.

நாலரை மணிக்கே அம்மா கிளம்பிவிட்டார். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அழைத்ததும் சிறுமி திறந்தாள். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுத் தம்பியின் இடுப்பில் நைலான் கயிறு. மறுமுனை வீட்டுத் தூணில். ஆசிரியருக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஏன் கட்டினாய் என்று அதட்டிவிட்டாராம். அவள் சொன்னாள்: "கடலுக்குப் போய்விடுவான் சார். போன மாசியில் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்விட்டான். நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன்."

வாசலிலிருந்து தண்ணீருக்கு நாற்பது அடிகூட இல்லையாம்.

அடுப்பு என்றும் கூரை என்றும் நாம் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தோம். கடலைப் பற்றி நம்மில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கடலிலேயே வாழ்ந்ததால் எனக்கும் அது கண்ணில் படவில்லை. அவள் ஆபத்தைப் பார்த்திருக்கிறாள், அளந்திருக்கிறாள், தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். கயிற்றின் நீளத்தை ஆசிரியர் கவனித்திருக்கிறார்: வாசல்படி வரை வரும், படி தாண்டாது.

ஏப்ரலில் நான் கேட்ட மணிக்கணக்குத் தாளை இப்போது எழுதியிருக்கிறார். நாலரை முதல் அங்கன்வாடி திறக்கும் வரை, அழுகை கேட்கும் தூரத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதே படகில் அதே தீவுக்குப் போகிறவர்கள். என் குடிசைக்காவது ஓர் அப்பத்தா இருந்தார்.

இன்றே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுங்கள். "புறக்கணிப்பு" என்று எழுதாதீர்கள். நேரத்தையும் கடலின் தூரத்தையும் எழுதுங்கள். சிறுமி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள். நிதி ஆதரவுத் திட்டத்துக்கும் மனு கொடுக்கச் சொல்லுங்கள்: மாதம் 4,000 ரூபாய், கிராமப்புறத்தில் ஆண்டு வருமான வரம்பு 72,000. கிடைத்தால் அம்மா சில நாட்களாவது தீவுக்குப் போகாமல் இருக்கலாம்.

ஜூலை 24

இன்று ஆடி அமாவாசை. ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்கும் சிறுவனைப் பார்த்ததாகவும், மணிக்கணக்குத் தாள் எழுத வேண்டுமா என்றும் ஒருவர் கேட்கிறார். வேண்டாம். உடனே 1098. யாருடைய பிள்ளை என்று தெரியாமல் கூட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு இன்று இரவு எங்கே படுப்பது என்பதே கேள்வி. மீட்கப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நலக்குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். காசு போடாதீர்கள், படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.

ஜூலை 29

அலகிலிருந்து ஒருவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகளைப் பிரிக்கும் பேச்சு இல்லை. நிதி ஆதரவு மனு நிலுவையில்.

அதற்குள் பெண்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர் பேசியதில் ஒன்பது வீட்டுப் பெண்கள் கூடினார்கள். அந்த வீட்டில் மட்டுமல்ல, நான்கு வீடுகளில் இதே நிலைமை. தீவுக்குப் போகும் நாட்களில் முட்டு வலியால் தண்ணீரில் இறங்க முடியாத ஓர் அக்கா ஊரிலேயே தங்கி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, அன்றைய பாசியில் அவருக்கும் ஒரு பங்கு. படகில் வலைக்கும் எஞ்சினுக்கும் பங்கு பிரிப்பதைப் போல, காவலுக்கு ஒரு பங்கு. பதினான்கு ஆண்டுகளில் எனக்கு இது தோன்றியதில்லை.

சிறுமி இந்த அமாவாசைக்கு மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்கு வந்திருக்கிறாள். கயிறு மட்டும் இன்னும் தூணில் இருக்கிறதாம். "இனி எதற்கு, அவிழ்த்துவிடு" என்று ஆசிரியர் சொன்னதற்கு, "ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும் சார். அன்றைக்கு அந்த அக்கா பூசைக்குப் போய்விடுவார்கள்" என்றாளாம்.

பூசை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டு எழுதுங்கள்.